டெஸ்டர் ‘பாஸ்’ சொன்னால் நம்பலாமா? பழைய கம்ப்யூட்டர்களுக்காக ஐசி டெஸ்டர் செய்த அனுபவம்

1980களில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களை இன்றைக்கும் ரிப்பேர் செய்ய முடிவதற்குக் காரணம், அவற்றுக்குள் இருக்கும் சிப்களில் பெரும்பாலானவை பொதுவானவை என்பதுதான். இசட்80 பிராசஸர், 74 வரிசை லாஜிக் சிப்கள், 4116, 4164 (முறையே 16கே, 64கே பிட்) ராம்கள் எல்லாமே நம்பர் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடியவை. டேட்டாஷீட்டும் எளிதாகக் கிடைக்கும். எந்தக் காலில் என்ன கொடுத்தால் எந்தக் காலில் என்ன வரவேண்டும் என்பது அதில் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் போர்டிலிருந்து கழற்றிய ஒரு சிப்பைத் தனியாக வைத்துச் சோதிக்கும் கருவியை நாமே செய்துகொள்ளலாம். நான் இரண்டு செய்து வைத்திருக்கிறேன். ஒன்று ராமுக்கு, மற்றது லாஜிக் சிப்களுக்கு. ராம் டெஸ்டரைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் ஏமாறுவதற்கு வழி அதில்தான் அதிகம்.

என்னிடம் வரும் மிஷின்களில் ஸ்பெக்ட்ரம்தான் முக்கியம். 1982-இல் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட கம்ப்யூட்டர் அது. அதன் அடுத்த வடிவமான ஸ்பெக்ட்ரம்+ஐ டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1986-இல் இந்தியாவில் கொண்டுவந்தது. ‘டிபி ஸ்பெக்ட்ரம்+’ என்ற பெயரில் சில ஆயிரம் விற்றது. அவற்றில் சில இன்னும் நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு இன்று நாற்பது வயது நெருங்கும்போது அதன் அப்பா அந்த மிஷினைத் தூசி தட்டி எடுத்து வந்து, “இது மறுபடி ஓடுமா சார்?” என்று கேட்டால், முடியாது என்று சொல்ல மனம் வராது.

48கே ஸ்பெக்ட்ரமில் ராம் இரண்டு பகுதி. கீழ்ப்பகுதி 16கே, எட்டு 4116 சிப்கள், போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரை எண்ணிட்டவை. மேல்பகுதி 32கே, இன்னொரு எட்டு சிப்கள், ஐசி15 முதல் ஐசி22 வரை. ஒவ்வொரு சிப்பும் ஒரு பைட்டில் ஒரே ஒரு பிட்டைத்தான் வைத்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் சோல்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

எப்படியென்றால், திரையில் காட்டவேண்டியது 16384-ஆவது முகவரியிலிருந்து 6912 பைட், அதாவது கீழ் ராமிலேயே இருக்கிறது. ஒரு 4116 செத்துப்போனால் அந்தப் பிட் மட்டும் கெடும். அது திரையில் எட்டுப் புள்ளிக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். மிஷினை ஆன் செய்ததும் ரோமில் (அழியாத நினைவகத்தில்) உள்ள நிரல் எல்லா ராமிலும் 2 என்ற எண்ணை நிரப்புகிறது. நல்ல மிஷினில் ஒரு கணம் கறுப்புத் திரையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்து மறைவது அதனால்தான். எட்டில் இரண்டாவது பிட் மட்டும் 1, அதே 2 வண்ணப் பகுதியிலும் விழுவதால் நிறம் சிவப்பு. அந்தக் கணத்தில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு நின்றால், எந்தப் பிட் என்று எண்ணியே சொல்லிவிடலாம்.

மேல் ராம் கெட்டால் மிஷின் சத்தமில்லாமல் 16கே ஆக எழுந்துவிடும். 23733-ஆவது முகவரியில் உள்ள எண்ணை 256-ஆல் பெருக்கி, 23732-இல் உள்ளதோடு கூட்டிப் பாருங்கள். 65535 வந்தால் 48கே-யும் ஏற்கப்பட்டது. 32767 வந்தால் மேல்பகுதியை ரோம் ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரோம் செய்யும் இந்தச் சோதனை மிகவும் எளியது. 2 என்று எழுதியதை ஒன்று குறைக்கிறது, 1 ஆகிறது. மறுபடி ஒன்று குறைக்கிறது, 0 ஆகிறது. சரி, ராம் நன்றாக இருக்கிறது என்று நகர்ந்துவிடுகிறது. இதில் மேலேயுள்ள ஆறு பிட்களில் 1 எழுதி அது நிற்கிறதா என்று பார்க்கவே இல்லை. அந்த ஆறில் ஒரு பிட் எப்போதும் 0 ஆகவே ஒட்டிக்கொண்டிருந்தாலும் 65535 என்றே வரும், ஆனால் கேம் ஏற்றினால் தொங்கிவிடும். சோதனை கேட்காத கேள்விக்கு சிப் எப்படிப் பதில் சொல்லும்? டெஸ்டர் செய்யும்போது என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது இந்தக் கேள்விதான்.

ஆனால் டெஸ்டருக்குப் போவதற்கு முன் மல்டிமீட்டர். 4116-க்கு மூன்று சப்ளை வேண்டும். முதல் காலில் மைனஸ் 5 வோல்ட், எட்டாவதில் 12, ஒன்பதாவதில் 5, பதினாறு கிரவுண்ட். ஸ்பெக்ட்ரமில் 12-ஐயும் மைனஸ் 5-ஐயும் போர்டிலேயே டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் ஒரு காயிலும் சேர்ந்து உருவாக்குகின்றன. அந்த டிரான்சிஸ்டர் போனால் எட்டு ராமும் ஒரேயடியாகச் செத்ததுபோலத் தெரியும். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் நின்றால் சிப்களும் உண்மையிலேயே செத்துவிடும். ஆக, மூன்று வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் ஒரு சிப்பையும் கழற்றாதீர்கள். “எட்டையும் மாற்றிவிடு, வேலை முடிந்தது” என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது வருடப் பழைய போர்டில் ஒவ்வொரு டீசோல்டரிங்கும் ஒரு ஆபத்து. கால் ஒட்டும் செம்புப் பேட் உரிந்தால், இணைப்பு ஓடும் டிராக் அறுந்தால், அது நாம் புதிதாக உண்டாக்கிய கோளாறு.

சரி, டெஸ்டருக்கு வருவோம்.

ராம் டெஸ்டரின் மூளை ஒரு ஆர்டுயினோ நானோ, நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. 4164-க்கு எட்டு அட்ரஸ் கால், டேட்டா உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, அப்புறம் அட்ரஸின் வரிசைப் பாதியையும் நெடுவரிசைப் பாதியையும் பிடிக்கச் சொல்லும் ராஸ், காஸ், எழுதச் சொல்லும் ரைட். மொத்தம் பதிமூன்று. நானோவில் இதற்கு இடம் இருக்கிறது, இரண்டு எல்இடிக்கும் மிச்சம் வரும். எட்டு அட்ரஸையும் ஒரே போர்ட்டில் (ஒரே கட்டளையில் சேர்ந்து மாறும் கால்களின் தொகுப்பில்) கொண்டுவர முடியாது, இரண்டு காலை யுஎஸ்பி பிடித்துக்கொள்ளும். அது பரவாயில்லை. ராஸ், காஸ் கீழே இறங்கும் அந்த நொடியில்தான் சிப் அட்ரஸைப் பிடிக்கிறது. அதற்கு முன் பாதி அட்ரஸ் ஒரு போர்ட்டிலும் பாதி இன்னொன்றிலும் மாறினால் யாருக்கும் தெரியாது.

ஆர்டுயினோவின் வழக்கமான டிஜிட்டல்ரைட் கட்டளையை இங்கே பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொன்றும் சில மைக்ரோசெகண்ட் எடுத்துக்கொள்ளும். இந்த ராம்களில் ராஸ் தொடர்ந்து கீழே இருக்கக்கூடிய நேரத்துக்கு டேட்டாஷீட் போட்டிருக்கும் எல்லை 10 மைக்ரோசெகண்ட். ராஸை இறக்கி, அட்ரஸை ஒவ்வொரு காலாக மாற்றி, காஸை இறக்குவதற்குள் அது தாண்டிவிடும். போர்ட்டில் நேரடியாக எழுதினால் 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 62.5 நானோசெகண்ட்தான். இன்டரப்டையும் அந்த நேரத்தில் நிறுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் டைமர் நடுவில் புகுந்து நேரத்தைக் குலைக்கும்.

சாக்கெட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அழுத்தாமலே சிப்பை வைத்து எடுக்க லீவர் வைத்த ஜிஃப் சாக்கெட் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். 4164-க்கு ஒன்று, 4116-க்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். ஒரே சாக்கெட்டில் ஸ்விட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும், வேண்டாம். 4164-இன் எட்டாவது கால் 5 வோல்ட், 4116-இல் அதே கால் 12 வோல்ட். ஸ்விட்ச் தவறான பக்கம் இருந்தால் 4164 அந்தக் கணமே போய்விடும். லாஜிக் சிப்களுக்கும் ராமுக்கும் சப்ளை நேர் தலைகீழ். 16 கால் லாஜிக் சிப்பில் வழக்கமாக 16-இல் 5 வோல்ட், 8-இல் கிரவுண்ட். 4164-இல் 8-இல் 5 வோல்ட், 16-இல் கிரவுண்ட். மூன்று சாக்கெட், மூன்று நிற டேப். என் மேசையில் இப்படித்தான்.

4116 பகுதியில் 12 வோல்ட்டை, வோல்டேஜை ஏற்றித்தரும் எம்டி3608 பூஸ்ட் மாட்யூலிலிருந்தும், மைனஸ் 5-ஐ, பிளஸ்ஸை மைனஸாக்கும் ஐசிஎல்7660 சிப்பிலிருந்தும் எடுக்கிறேன். மைனஸ் 5-இல் சிப் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, அதனால் 7660 தாராளம். முக்கியமானது வரிசை: மைனஸ் 5 முதலில் வரவேண்டும், கடைசியில் போகவேண்டும். இதை மனித நினைவாற்றலுக்கு விடக்கூடாது. பிளஸ் 5-இலிருந்து 10 கிலோஓம், மைனஸ் 5-இலிருந்து 22 கிலோஓம், இரண்டும் சேரும் புள்ளியை நானோவின் அனலாக் காலுக்குக் கொடுங்கள். மைனஸ் 5 சரியாக இருந்தால் அங்கே 1.9 வோல்ட் அருகே வரும். மைனஸ் 5 பூஜ்யமாகிவிட்டால் 3.4-க்கு ஏறிவிடும். 1.9 அருகே இருந்தால் மட்டும் ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்ச்போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக 12-ஐ சாக்கெட்டுக்கு விடும்படி நிரலில் எழுதிவிடலாம். 12 இருக்கும்போது தனியாக ஒரு சிவப்பு எல்இடி எரியட்டும். அது அணையாமல் லீவரைத் தொடக் கூடாது. அப்புறம், சாக்கெட்டின் சப்ளைக் கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். நீள ஒயரில் தொங்கவிட்டால் நல்ல சிப்பும் தப்பான விடை சொல்லும்.

இனி சோதனை முறை. முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, எல்லா இடத்திலும் 0 எழுதிப் படிப்பது, பிறகு 1 எழுதிப் படிப்பது. இது போதாது. ஏ6 அட்ரஸ் கால் உள்ளே அறுந்துபோன ஒரு சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 0-ஆவது வரிசையும் 64-ஆவது வரிசையும் ஒன்றுதான். எங்கும் 0 எழுதினால் எங்கும் 0 வரும், எங்கும் 1 எழுதினால் எங்கும் 1 வரும். டெஸ்டர் ‘பாஸ்’ என்று பச்சை விளக்குக் காட்டும். சதுரங்கக் கட்டம்போல 0, 1 மாற்றி மாற்றி எழுதினாலும் ஏ6 கோளாறு தெரியாது, ஏனென்றால் அந்த அமைப்பு கடைசி அட்ரஸ் பிட்டை மட்டும்தான் பார்க்கிறது.

இதற்கு ‘மார்ச்’ சோதனை என்று ஒரு முறை இருக்கிறது. முதலில் எங்கும் 0. பிறகு முதல் முகவரியிலிருந்து தொடங்கி, 0 இருக்கிறதா என்று படித்து, உடனே அங்கே 1 எழுதி, அடுத்ததற்கு நகர வேண்டும். மறுபடி முதலிலிருந்து, 1 இருக்கிறதா என்று படித்து 0 எழுத வேண்டும். பிறகு இதே இரண்டையும் கடைசி முகவரியிலிருந்து கீழ்நோக்கி. முடிவில் ஒருமுறை எங்கும் 0 இருக்கிறதா என்று படிக்க வேண்டும். ஏ6 அறுந்த சிப்பில் 0-ஆவது வரிசையில் எழுதிய 1, 64-ஆவது வரிசைக்கு வரும்போது எதிரே நிற்கும். 0 இருக்கவேண்டிய இடத்தில் 1 இருக்கும். பிடிபட்டுவிடும். ஒரு செல்லில் எழுதும்போது இன்னொரு செல் மாறிப்போகும் கோளாறும் இதில் சிக்கும். மேல்நோக்கி ஒருமுறை, கீழ்நோக்கி ஒருமுறை போவது அதற்காகத்தான்.

நிரலை எழுதிவிட்டோம், நல்ல சிப்பை வைத்தால் பச்சை எரிகிறது. இத்தோடு டெஸ்டர் தயார் என்று முடிவுசெய்வதுதான் பெரிய ஆபத்து. நல்லதை நல்லது என்று சொல்வதில் என்ன இருக்கிறது? எப்போதும் பச்சை எரியும் பெட்டியும் அதைத்தான் சொல்லும். கெட்டதைக் கெட்டது என்று சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வகைக் கோளாறுக்கும் ஒரு கெட்ட சிப்பை எங்கே தேடுவது?

நான் செய்தது இது. சாதாரண 16 கால் சாக்கெட்கள் விலை குறைவு. அவற்றில் கோளாறுகளைச் செய்து வைத்துக்கொண்டேன். ஒரு சாக்கெட்டில் ஏ6-க்கான 13-ஆவது காலை வெட்டி, மேல் முனையை ஒரு சிறு ஒயரால் கிரவுண்டில் சேர்த்தேன். வெட்டி மிதக்க விட்டால் விரல் பக்கத்தில் வந்தாலே விடை மாறும், அதனால்தான் கிரவுண்ட். இன்னொன்றில் ஏழாவது காலின் கீழ்ப்பாதியை வெட்டி, மேல்பாதியை ஆறாவதோடு சேர்த்தேன். இப்போது ஏ1 எப்போதும் ஏ2-வையே பின்பற்றும். மூன்றாவதில் ரைட் கால் வெட்டி 5 வோல்ட்டில். நான்காவதில் டேட்டா வெளிக் கால் துண்டிக்கப்பட்டது. நன்றாக ஓடும் சிப்பை இவற்றில் ஒன்றில் செருகி, அதை ஜிஃப் சாக்கெட்டில் வைத்தால், கோளாறு உள்ள சிப் தயார். சிப்பின் காலை வளைக்க வேண்டியதில்லை. பழைய சிப்களின் கால்கள் வளைத்தால் முறியும்.

இந்தச் சாக்கெட்கள் ஒவ்வொன்றுக்கும் ‘தோல்வி’ என்று சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் டெஸ்டரை நம்பத் தொடங்கினேன். நிரலில் எதையாவது மாற்றினால் இன்றும் முதலில் இவற்றை ஓட்டிப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு எரிந்தால் உறுதி, பச்சையில்தான் சந்தேகம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஸ்பெக்ட்ரமின் மேல் ராம் அதற்கும் விதிவிலக்கு வைத்திருக்கிறது. அங்கே பல போர்டுகளில் இருப்பது 4532 அல்லது ஓகேஐ 3732. இவை உண்மையில் 64கே சிப்கள். தொழிற்சாலையில் ஒரு பாதியில் குறை இருந்ததால், நன்றாக இருக்கும் மறுபாதியை மட்டும் 32கே என்று மலிவாக விற்றார்கள். சின்க்ளேர் அவற்றை வாங்கிச் செலவைக் குறைத்தது. எந்தப் பாதி நல்லது என்பது சிப்பின் மேல் அச்சிட்ட குறியில் தெரியும், ஓகேஐ-யில் எல், எச் என்று. இதை 4164 என்று நினைத்துச் சோதித்தால் பிறந்ததிலிருந்தே சிவப்புதான். நன்றாக இருக்கும் சிப்பைக் குப்பையில் போட்டுவிடுவோம். அதனால் என் டெஸ்டர் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகச் சோதித்து, எந்தப் பாதியில் தோல்வி என்று சொல்லும். எட்டு சிப்பும் ஒரே பாதி நல்லதாக இருக்க வேண்டும், போர்டில் உள்ள ஜம்பரும் (இணைப்புக் கம்பி) அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். மாற்றுவதற்கு முழு 4164 போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பச்சை எரிந்தும் மிஷினில் ஓடாத சிப்களும் உண்டு. இரண்டு காரணங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று வேகம். சிப்பில் 15 என்று இருந்தால் 150 நானோசெகண்ட், 20 என்றால் 200. நானோவுக்கு அவ்வளவு நுண்மையாக அளக்க முடியாது. வயதாகி மெதுவாகிப்போன சிப் டெஸ்டரில் நிதானமாகப் பதில் சொல்லித் தப்பித்துவிடும். இதற்கு என் டெஸ்டரில் மருந்து இல்லை, மிஷினில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று ஞாபகசக்தி. இந்த ராம்களில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னேற்றம், அது கசிந்துகொண்டே இருக்கும். 4116-இன் 128 வரிசைகளையும் 2 மில்லிசெகண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட். நல்ல சிப்கள் அறை வெப்பத்தில் இதைவிடப் பல மடங்கு தாங்கும். பலவீனமானவை சூடு ஏற ஏறத் தாங்காது. எழுதிவிட்டு, புதுப்பிக்காமல் காத்திருந்து, பிறகு படிக்கும் சோதனையை அதற்காகச் சேர்த்திருக்கிறேன். 2, 10, 50 மில்லிசெகண்ட் என்று ஏற்றிக்கொண்டே போகலாம். கூடவே ஹேர் டிரையரால் சிப்பை மிதமாகச் சூடாக்குவேன். சித்திரை மாதம் மதியம் சென்னையில், மூடிய பெட்டிக்குள் அந்தச் சிப் எவ்வளவு சூட்டில் இருக்கும் என்பதை யோசித்தால் இது அதிகப்படி இல்லை. “அரைமணி நேரம் ஓடி அப்புறம் தொங்குது” என்று வரும் மிஷின்களுக்கு இந்தச் சோதனை நிறைய உதவியிருக்கிறது.

லாஜிக் டெஸ்டர் பற்றிச் சுருக்கமாக. அதற்கு ஆர்டுயினோ மெகா, நிறைய கால்கள் இருப்பதால். ஒவ்வொரு காலுக்கும் வரிசையில் ஒரு ரெசிஸ்டர் போடுங்கள், சிப் ஷார்ட் ஆகியிருந்தாலும் மெகா பிழைக்கும். மதிப்பு 330 ஓம் அருகே இருக்கட்டும். பாதுகாப்புக்கு என்று 1 கிலோஓம் போட்டால், பெயரில் எல்எஸ் இல்லாத பழைய 74 சிப்களில் இன்புட்டிலிருந்து 1.6 மில்லிஆம்பியர் வரை வெளியே வரும். அது ரெசிஸ்டரில் 1.6 வோல்ட்டாக நிற்கும். 0 என்று ஏற்க 0.8-க்குக் கீழே வேண்டும், நல்ல சிப் கெட்டதாகத் தெரியும். சிப்புக்கான சப்ளையை மெகாவின் காலிலிருந்து எடுக்கக் கூடாது. 74எல்எஸ்245 ஒன்றே 90 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம், மெகாவின் ஒரு கால் 40-க்கு மேல் தாங்காது. ஸ்பெக்ட்ரமில் மேல் ராம் தகராறு செய்தால் ராமை மட்டும் சந்தேகிக்காமல் அருகில் உள்ள 74எல்எஸ்157 இரண்டையும் பாருங்கள். அட்ரஸை ராமுக்கு அனுப்புவது அவைதான்.

ஒரு சிப் செத்தது உறுதி என்றால், அதை முழுதாகக் காப்பாற்றிக் கழற்ற முயலாதீர்கள். கால்களை உடலை ஒட்டி வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவி, துளையைச் சுத்தம் செய்து, சாக்கெட் போடுங்கள். காப்பாற்ற வேண்டியது போர்டைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர் 4164 டெஸ்டரை முதலில் செய்யலாம், ஒரே சப்ளை என்பதால். முதல் காலை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இழுத்துவிட்டால் 41256-ஐயும் அதே சாக்கெட்டில் பார்க்கலாம், அதன் கால்வாசியை மட்டும். கோளாறு சாக்கெட்களை அப்போதே செய்துவிடுங்கள். 4116 அதற்குப் பிறகு. அதில் மைனஸ் 5 வோல்ட் கண்காணிப்பு வேலை செய்கிறதா என்பதை, 7660-ஐக் கழற்றிவிட்டு 12 வருகிறதா என்று காலி சாக்கெட்டில் அளந்து பார்த்த பிறகே முதல் சிப்பை வையுங்கள்.